தாய் தருவதும் தாய் தவிர்ப்பதும்

ஒரு தாய் தன் மகவுக்குத் தருவது யாது என்று வினவினால், பால் என்பர்; மொழி என்பர்; குலத்தின் ஒழுக்கம் என்பர். மூன்றும் மெய்யே. ஆயினும், பேழையில் இருந்த நகையை எடுத்து மகளின் கழுத்தில் பூட்டுவது போலத் தாய் தன் மரபையும் எடுத்துப் பூட்டிவிடுகிறாள் என்று எண்ணுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. மரபு நகையானால், தாயின் கையிலிருந்து அதை வேறொருவர் வாங்கிப் பத்திரப்படுத்தலாம். நூல் நிலையத்தில் பூட்டி வைக்கலாம். வேண்டாத நகையை விற்றுவிட்டுப் புதியது செய்து அணிவிக்கலாம். இவ்வெண்ணத்தால் ஒரு மக்கட்கூட்டம் அழிந்தே போனதுண்டு. அச்செய்தியை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். ஆராய்ச்சிக்கு நாம் எடுத்துக்கொண்ட இடம் அந்தமானில் உள்ள வண்டூர்.

போர்ட் பிளேர் என்று நெடுங்காலம் வழங்கி, 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்ற தலைநகரிலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர் சென்றால் வண்டூர் வரும். இதைச் சூழ்ந்த கடலும் 15 தீவுகளும் 1983-இல் கடற்பூங்காவாக அறிவிக்கப்பட்டன. சென்னையிலிருந்து கப்பலிலும் விமானத்திலும் செல்லும் நம்மவர் பலர் இவ்வூர்த் துறையில் படகேறிப் பவழப்பாறைகளைக் கண்டு திரும்புகின்றனர். ஊரின் பெயரைப் பற்றிக் கேட்பார் அரியர். கேட்டால் பெயரிலேயே ஒரு வரலாறு உண்டு. 1921-இல் மலபாரில் எழுந்த மாப்பிள்ளைக் கிளர்ச்சியை ஆங்கில அரசு ஒடுக்கியபின், தண்டனை பெற்ற பலர் அந்தமானுக்கு நாடு கடத்தப்பட்டனர். பின்னர் அவர்தம் மனைவி மக்களும் வந்து குடியேற அவ்வரசே வழி செய்தது. வந்தவர்கள் தாம் காடு திருத்திய இடங்களுக்குத் தாம் விட்டுவந்த ஊர்களின் பெயர்களையே இட்டனர். வண்டூர், மஞ்சேரி, திரூர், மண்ணார்காடு, கள்ளிக்கோட்டை என்று மலபாரின் ஊர்கள் கடல் நடுவே மீண்டும் தோன்றியமை இவ்வாறே.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அம்மாப்பிள்ளைப் பெண்கள் வறியவர், தண்டிக்கப்பட்டவரின் மனைவியர், கண்டறியாத காட்டுக்கு வந்தவர். ஆயினும் அவர்கள் தம் மக்களுக்குத் தம் மொழியையும் சமயத்தையும் ஊர்ப்பெயரையும் தர முடிந்தது. ஏன்? அவர்கள் கூட்டமாக வந்தனர். பிள்ளை தாயின் மடியில் இருந்தது. அண்டை வீட்டிலும் அதே மொழி ஒலித்தது. ஆண்களைச் சிறையிட்ட அரசு, தாய்க்கும் சேய்க்கும் இடையே கை நுழைக்கவில்லை.

ஆனால் மாப்பிள்ளைமார் வருமுன் இவ்விடம் பெயரற்றுக் கிடந்ததா? தென் அந்தமானின் கரையோரம் ஆக்கா-பியா என்ற மக்களுடையது. பெரிய அந்தமானியர் எனத் தொகுத்து வழங்கப்பெறும் பத்துக் குழுவினருள் அவர் ஒருவர். தெற்கே ருட்லாந்துத் தீவின் உட்காட்டில் ஜாங்கில் என்ற வேறொரு மக்கள் வாழ்ந்தனர். 1920-களுக்குப் பின் அவர்களை எவரும் கண்டிலர். ஆக்கா-பியா மக்களும் இன்றில்லை. அவர்தம் தாய்மார் இக்கரையை எப்பெயரிட்டு மக்களுக்குக் காட்டினரோ, அப்பெயர் எந்தப் பலகையிலும் இல்லை. ஓர் ஊரில் ஒரு தாயின் கொடை நிலைத்தது. அதே ஊரில் மற்றொரு தாயின் கொடை அற்றது. இவ்வேற்றுமைக்குக் காரணம் அறிவதே நம் வினா. அறிவில் குறைந்தவர், வலிமை அற்றவர், ஆதலின் அழிந்தனர் என்று விடை கூறுவோர் இன்றும் உளர். அவ்விடை தவறு.

அந்தமானியர் தாய்மையைப் பற்றி நமக்குக் கிடைக்கும் செய்திகள் பெரும்பாலும் இருவர் எழுதியவை. ஒருவர் ஈ. எச். மேன், 1883-இல் தம் ஆராய்ச்சியை வெளியிட்டவர். மற்றவர் ராட்கிளிஃப்-பிரவுன், 1906 முதல் 1908 வரை அங்குத் தங்கி ஆராய்ந்து 1922-இல் நூல் வெளியிட்டவர். இருவரும் அயலார், ஆட்சியாளரின் இனத்தவர், ஆண்கள். பெண்கள் தம்முள் பேசிக்கொண்டதை அவர்கள் எவ்வளவு கேட்டிருப்பர் என்பது ஐயத்துக்குரியது. எனினும் அவர்கள் கண்ணால் கண்டு குறித்தவை வியக்கத்தக்கவை.

குழந்தை கருவில் இருக்கும்போதே அதற்குப் பெயர் இட்டுவிடுவர். ஆணோ பெண்ணோ என்று அறியுமுன் இடுவதால் பெயர்கள் இருபாலுக்கும் பொது. அந்நாள் தொட்டுச் சில காலம் தாயையும் தந்தையையும் அவர்தம் சொந்தப் பெயரால் அழையாமல், இன்னாருடைய தாய், இன்னாருடைய தந்தை என்றே அழைப்பர். பிறவாத பிள்ளைதான் பெற்றோருக்குப் பெயர் கொடுக்கிறது! பிறந்தபின் பால் கொடுப்பவள் பெற்றவள் மட்டும் அல்லள். குடியில் பாலுள்ள பெண்கள் ஒருவர் பிள்ளைக்கு மற்றொருவர் பால் கொடுப்பர். பெண் பருவம் எய்தும்போது காட்டில் எந்த மரம் பூத்திருக்கிறதோ, அந்தப் பூவின் பெயர் அவளுக்குச் சூட்டப்படும். வெண்களிமண் கொண்டு கணவன் உடலிலும் மக்கள் உடலிலும் கோலம் எழுதுவது பெண்களுக்கே உரிய கலை. தாய் விரலால் வரைவாள். பிள்ளை அசையாமல் நிற்கும். பள்ளிக்கூடம் என்று நாம் சொல்வது அதுதான்.

யாவற்றினும் வியப்பானது ஒன்று. ஆறேழு வயதைக் கடந்த பிள்ளை தன்னைப் பெற்றவரோடு வாழ்வது அரிது என்கிறார் மேன். ஒரு வீட்டுக்கு விருந்தாகச் சென்றவன் திரும்புங்கால், நும் பிள்ளைகளுள் ஒன்றை எமக்குத் தாரும் என்று கேட்பது நட்பின் அடையாளமாம், பெருமை செய்தலாம். பெற்றோர் தருவர். பின் அப்பிள்ளையைக் காண வந்து போவர். தாமும் வேறொருவர் பிள்ளையை ஏற்று வளர்ப்பர்.

இதைக் கேட்டதும் நம்மில் பலர் முகம் சுளிப்பர். பெற்ற பிள்ளையைக் கொடுக்க மனம் வருமோ என்பர். நம் பழந்தமிழ் அகப்பாடல்களில் நற்றாய் வேறு, செவிலித்தாய் வேறு என்பதை அவர்கள் மறந்தனர். பகவன் புத்தரைப் பெற்றவர் மாயாதேவி. பாலூட்டி வளர்த்தவர் மகாபிரஜாபதி கோதமி. நாம் அந்தமானியரைப் பௌத்தராக்க முயலவில்லை. அவர்களுக்கு அவர்களுடைய நெறி உண்டு; நம்முடைய சட்டையை அவர்களுக்கு அணிவிக்க வேண்டியதில்லை. கூற வந்தது இவ்வளவே: அம்மக்களிடையே மரபு ஒரு தாயிடமிருந்து ஒரு சேய்க்கு ஒற்றை நூலாக ஓடவில்லை, பல தாயர் சேர்ந்து நெய்த ஆடையாக இருந்தது. காடும் கடலும் அதில் ஊடிழை. ஒரு குடியில் நோய் வந்து பத்துப் பேர் மாண்டாலும் அக்குடியின் பிள்ளை வேறொரு குடியில் வளர்ந்துகொண்டிருக்கும். புயலும் பஞ்சமும் அறிந்த மக்கள் கண்ட பாதுகாப்பு இது என்று நாம் கருதுகிறோம். வலிமை என்பது இதுவன்றோ?

இந்த ஆடை எவ்வாறு கிழிந்தது?

1858-இல் ஆங்கிலேயர் போர்ட் பிளேரில் தண்டனைக் குடியேற்றத்தை நிறுவினர். மறு ஆண்டே அபர்தீன் என்னுமிடத்தில் அந்தமானியர் வில்லேந்தி எதிர்த்துத் தோற்றனர். துப்பாக்கியால் சிலர் இறந்தனர். ஆனால் அதனினும் கொடியதாக அமைந்தது கருணை. 1863-இல் ஹென்றி கார்பின் என்ற பாதிரியாரின் பொறுப்பில் ரோஸ் தீவில் அந்தமானியர் இல்லம் என ஒன்று தொடங்கப்பெற்றது. உணவு, உடை, கூரை, ஆங்கில எழுத்து, ஒழுங்கு யாவும் அங்குத் தரப்பட்டன. காட்டில் அலையும் மக்களை மனிதராக்குவதே நோக்கம் என்றனர். பின்னர்ப் பிள்ளைகளுக்கென அநாதைச் சாலையும் எழுந்தது. விளைந்தது யாது? இல்லங்களில் பிறந்த நூற்றைம்பது குழந்தைகளுள் ஒன்றேனும் இரண்டு வயதைக் கடந்து வாழவில்லை என்று அக்காலப் பதிவுகளைக் கொண்டு எழுதியோர் கூறுகின்றனர். 1876-இல் மேகநோய் பரவியிருப்பது கண்டறியப்பட்டது. 1877-இல் தட்டம்மை பரவிப் பெருந்தொகையினரைக் கொன்றது. குடியேற்றம் தொடங்கிய காலத்தில் சில ஆயிரவராக இருந்த பெரிய அந்தமானியர் 1901-இல் 625 பேர். 1961-இல் 19 பேர்.

மேன் அவர்களும் சில ஆண்டுகள் அந்த இல்லங்களின் பொறுப்பாளராக இருந்தவர் என்பதை இங்குக் குறிக்க வேண்டும். தாய்மார் பிள்ளைகளை எப்படி வளர்த்தனர் என்று அன்போடு எழுதிய கையே, அவ்வளர்ப்பு நடக்க இயலாத இடத்துக்கும் கணக்கு எழுதியது. அவரைக் கொடியவர் என்று நாம் சொல்லவில்லை. கொடியவராக இருந்திருந்தால் இச்செய்தி எளிதாக விளங்கியிருக்கும். அவரும் அவர் போன்றோரும் தாய் தருவதைப் பொருளாக எண்ணினர். பாலுக்கு மாற்றாக வேறு பால், கூரைக்கு மாற்றாக நல்ல கூரை, மொழிக்கு மாற்றாக உயர்ந்த மொழி கொடுத்தால் போதும் என்று நம்பினர். பிறநாடுகளிலும் இந்நம்பிக்கை இருந்தது. ஆஸ்திரேலியாவில் பழங்குடித் தாயரிடமிருந்து பிள்ளைகள் பிரிக்கப்பட்டதற்கும், கனடாவில் பிள்ளைகளை உறைவிடப் பள்ளிகளில் அடைத்ததற்கும் அந்நாட்டு அரசுகள் 2008-இல் பாராளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டன. அந்தமானியரிடம் மன்னிப்புக் கேட்கவேண்டியவர் யார் என்பதே தெளிவாக இல்லை. கேட்டால் ஆக்கா-பியா மொழியில் அதை ஏற்பதற்கும் ஒருவர் இல்லை.

இங்கே மெய்ப்பொருள் வினா ஒன்று குறுக்கிடுகிறது. தாயிடமிருந்து சேய்க்கு உண்மையில் எது செல்கிறது? மிலிந்த மன்னன் நாகசேன தேரரிடம், ஒன்றும் கடந்து செல்லாமல் மறுபிறவி எவ்வாறு என்று கேட்ட இடம் நம் வாசகர்கள் அறிந்ததே. விளக்கிலிருந்து விளக்கை ஏற்றும் உவமையைப் பலரும் எடுத்தாள்வர். அதற்கு அடுத்து வரும் உவமையைப் பெரும்பாலும் விட்டுவிடுவர். இளமையில் ஆசிரியரிடம் ஒரு செய்யுளைக் கற்றாயே, அச்செய்யுள் ஆசிரியரை விட்டு உன்னிடம் வந்துவிட்டதா என்று தேரர் கேட்கிறார். இல்லை என்கிறான் மன்னன். ஆசிரியரிடமும் இருக்கிறது, மாணவனிடமும் இருக்கிறது, இடையே எதுவும் பெயர்ந்து செல்லவில்லை. ஆசிரியர் சொல்ல, மாணவன் கேட்க, மீண்டும் சொல்ல, நாளடைவில் அது மாணவனிடம் உண்டாகிறது. மரபும் அவ்வாறே. தாய் ஒன்றை எடுத்துக் கொடுப்பதில்லை. தாயின் அருகே இருக்கையில் அது பிள்ளையிடம் உண்டாகிறது. ஆகவேதான் அதை இடையில் நின்று வாங்கிப் பாதுகாக்க எவராலும் இயலாது. அருகு என்பது அழிந்தால் மரபு அழியும். அழிக்க வேறு பகை வேண்டியதில்லை.

போ மொழியின் கடைசிப் பேச்சாளரான போவா மூதாட்டியின் வாழ்வு இதற்குச் சான்று. 2010 ஜனவரி 26 அன்று, ஏறத்தாழ எண்பத்தைந்து வயதில் அவர் மறைந்தார். அவர் தம் மொழியில் பேச எவரும் இன்மையால் பறவைகளோடு பேசுவார் என்று, அவரிடம் மொழியைக் கேட்டுப் பதிந்த பேராசிரியர் அன்விதா அப்பி எழுதியுள்ளார். போவாவுக்குப் பிள்ளைகள் இல்லை. ஆயினும் பிள்ளை இருந்தால் மொழி நிலைத்திருக்கும் என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது. பிள்ளை பெற்ற தாயரும் அதே தீவில் இருந்தனர். அவர்தம் பிள்ளைகள் பேசுவது இந்தி. தாயின் வாயில் மொழி இருந்தது. அதைத் திருப்பிச் சொல்லும் அண்டை வீடு இல்லை. மாப்பிள்ளைப் பெண்ணுக்கு இருந்ததும் அந்தமானியப் பெண்ணுக்கு இல்லாததும் இந்த அண்டை வீடுதான்.

அப்பி அம்மையார் 2012-இல் பெரிய அந்தமானிய மொழிக்கு அகராதி வெளியிட்டார். அவ்விலக்கணத்தில் அவர் காட்டும் ஒன்று நம் ஆராய்ச்சிக்கு உகந்தது. அம்மொழியில் உடலுறுப்பையும் உறவையும் குறிக்கும் சொற்கள் தனித்து நில்லா. தலை என்று மட்டும் சொல்ல முடியாது. என் தலை, உன் தலை, அவள் தலை என்றே சொல்ல வேண்டும். அவ்வாறே எவருடைய தாய் என்று சொல்லாமல் தாய் என்று சொல்ல வழியில்லை. நம் பழந்தமிழிலும் யாய், ஞாய், தாய் என்று என், உன், அவள் அன்னையைத் தனித்தனிச் சொல்லால் குறித்தனர். இன்று நாம் அவ்வேற்றுமையை மறந்து, தாய்மை என்று பொதுப்படப் பேசி மேடையில் கை தட்டுகிறோம். அகராதி அரிய பணி. அதைச் செய்தவர் போற்றத்தக்கவர். எனினும் அகராதி விளக்கின் ஓவியம். ஓவியத்தில் உள்ள சுடரிலிருந்து திரி பற்றாது.

அவ்வாறாயின் பெரிய அந்தமானியர் என்று இன்று ஒருவரும் இல்லையா? உளர். 1961-இல் 19 பேராக இருந்தவர் 2011 கணக்கெடுப்பில் 44 பேர். அரசு அவர்களை ஸ்ட்ரெய்ட் தீவில் குடியேற்றியது. வேற்று மக்களோடு மணவுறவு கொண்டனர், இந்தி பேசுகின்றனர், அரசுப் பணியில் உள்ளோரும் உண்டு. இவர்கள் கலப்புற்றவர், உண்மையான அந்தமானியர் அல்லர் என்று புறத்தே நின்று தீர்ப்புக் கூறுவோரை நாம் கண்டிக்கிறோம். 19 என்ற எண்ணில் நின்றவர் எத்தாய்மார் துணிவால் 44 ஆயினர்? அழிந்துபோவீர் என்று எல்லாரும் எழுதிவைத்த பின்பும், எவரோடு குடும்பம் அமைத்தேனும் பிள்ளை பெற்று, நீ அந்தமானியன் என்று அப்பிள்ளைக்குச் சொல்லி வளர்த்தாளே, அவள் செய்தது சிறிதா? மொழி போயிற்று, அது பேரிழப்பு. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் எஞ்சியதைக் கொண்டு பிள்ளையை நிமிர்ந்து நிற்கச் செய்தவளிடம், நீ முழுவதும் தரவில்லையே என்று கணக்குக் கேட்க நமக்கு உரிமையில்லை.

2004 டிசம்பர் 26 அன்று எழுந்த ஆழிப்பேரலையைப் பற்றியும் ஒரு சொல். நிலம் அதிர்ந்து கடல் வாங்கியதைக் கண்ட ஓங்கே மக்கள் மேட்டுநிலம் சென்று உயிர் தப்பினர். முன்னோர் சொல்லே அவர்களைக் காத்தது என்று பலரும் எழுதினர். அதே நாளில் தென் அந்தமானின் தாழ்நிலங்களில் குடியேறியோரின் வயல்கள் கடலுள் ஆழ்ந்தன. இதைக் கொண்டு பழங்குடி அறிவு மந்திரம் போன்றது என்று முடிவு கட்டுதல் கூடாது. நிக்கோபாரில் அதே பேரலையில் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். அவர்களும் அம்மண்ணின் பழங்குடிகளே. அவர்தம் தாயரும் அறிவிற் குறைந்தவர் அல்லர். தட்டையான தீவில் ஓட மேடில்லை. மரபு தரும் வலிமை மண்ணோடு சேர்ந்த வலிமை; மண் உதவும் அளவே அதுவும் உதவும்.

இனிக் கடினமான பகுதிக்கு வருவோம். மரபு நல்லதாயின் கொடுக்கலாம். அதில் கொடியதும் கலந்திருந்தால்? மணிமேகலைக் காப்பியம் அறிந்த நமக்கு இவ்வினா புதிதன்று. சித்திராபதியும் தாயே. தன் குலத்தின் தொழிலையும் கலையையும் மகள் மாதவிக்குத் தந்தாள். பேத்திக்கும் தர விரும்பினாள். மாதவி மறுத்தாள். தான் பெற்ற மணிமேகலையைக் கண்ணகியின் மகள் என்று சொல்லி, அச்சங்கிலியை அறுத்தாள். தமிழில் தாய்மையைப் பற்றிய பேச்சு எவ்வளவோ உண்டு. இதனினும் பெரிய தாய்ச்செயலை நாம் அறியோம். பெற்றவள் தன் தாய்ப்பெயரையே மற்றொருத்திக்குக் கொடுத்துவிட்டாள். ஏன்? தன் வழியாக ஒன்று மகளுக்குச் செல்லக்கூடாது என்று துணிந்ததால். ஆகவே தாய் தருவது மட்டும் மரபன்று. தாய் தவிர்ப்பதும் மரபின் பகுதியே. இவ்விதழைப் படிக்கும் குடும்பங்கள் இதை நன்கறியும். பிறவியால் தாழ்வு என்று தமக்குச் சொல்லப்பட்டதைத் தம் மக்கள் செவியில் ஏற்றாமல் தம்மோடு நிறுத்திக்கொண்ட தாயர் நம் இல்லங்களில் உளர்.

இப்போது ஜாரவாக்களை நோக்குவோம். ஜாரவா என்பது அவர்கள் தமக்கு இட்ட பெயரன்று. அயலார் என்ற பொருளில் ஆக்கா-பியா மக்கள் வைத்தது. தம்மை அவர்கள் ஆங் என்பர். பிறர் வைத்த பெயரால் நூறாண்டுகள் அழைக்கப்படுதல் என்னவென்று நம்மவருக்கு விளக்க வேண்டியதில்லை. 1990-களின் இறுதி வரை வெளியாரை அம்பால் விலக்கியவர்கள், பின்னர்த் தாமே காட்டைவிட்டு வெளிவரத் தொடங்கினர். 2001-இல் 240 என்று கணக்கிடப்பட்டவர் 2011-இல் 380 பேர். 2004 டிசம்பரில் நடுவண் அரசு வெளியிட்ட கொள்கை, அவர்களை அவர்கள் விருப்பத்துக்கு மாறாகப் பொது வாழ்வில் சேர்ப்பதில்லை என்றது. ஆனால் காட்டினூடே சாலை செல்கிறது. 2012-இல் ஜாரவாப் பெண்களை உணவு காட்டி ஆடச்செய்யும் படக்காட்சி வெளிவந்து உலகோர் முன் நம் நாடு நாணி நின்றது.

2015-இன் இறுதியில் அதனினும் துயரமான ஒன்று நடந்தது. திரூர்ப் பக்கத்தில் ஜாரவாப் பெண் ஒருத்திக்குப் பிறந்த ஐந்து மாதக் குழந்தை, வெளியார் ஒருவனுக்குப் பிறந்தது என்று கருதப்பட்டமையால், அவள் இனத்தவனால் கொல்லப்பட்டது என்று காவல் நிலையத்தில் புகார் பதிவாயிற்று. 2016-இல் செய்தி பரவியது. இது அவர்கள் வழக்கம், நாம் தலையிடலாகாது என்றனர் ஒரு சாரார். கொலை கொலையே, சட்டம் பாய வேண்டும் என்றனர் மறுசாரார். நம் நிலை யாது? கொல்லாமையை முதற் சீலமாக ஏற்ற நாம் இதை வழக்கம் என்று சொல்லி மெல்ல நகர்ந்துவிட முடியாது. அக்குழந்தையின் உயிர் எந்த மரபினும் சிறியதன்று. அதே வேளையில், மதுவோடும் புகையிலையோடும் காட்டுள் நுழைந்த வெளியாரை மறந்து, உள்ளே இருப்பவரை மட்டும் விலங்கிடுதல் நீதியாகாது.

ஆனால் இரு சாராரும் ஒருத்தியைப் பற்றிப் பேசவில்லை. அக்குழந்தையின் தாய் யாது விரும்பினாள்? வழக்கத்தைக் காப்போர் அவளைக் கேட்கவில்லை. சட்டத்தைக் காப்போரும் அவள் மொழியில் கேட்கக் கற்றிருக்கவில்லை. அவள் அப்பிள்ளையை ஐந்து மாதம் பால் கொடுத்து வளர்த்தாள் என்பது ஒன்றே அவளுடைய விடையாக நமக்குத் தெரிகிறது. தவிர்க்க வேண்டிய வழக்கத்தைத் தவிர்க்கும் உரிமை முதலில் அவளுடையது. மாதவிக்கு அதைச் செய்ய அறவண அடிகளின் அருகு இருந்தது. இவளுக்கு எவர் அருகு இருந்தார்?

மணிமேகலையிலேயே சாதுவன் கதையும் வருகிறது. கலமுடைந்து நாகர் மலையில் ஒதுங்கிய அவனை, ஆடையற்ற அம்மக்கள் கொல்ல வந்தனர். அவர்தம் மொழியை அவன் அறிந்திருந்ததால் பிழைத்தான். தலைவனோடு அமர்ந்து உரையாடினான். தலைவன், எம்மால் இயலும் அறம் எது என்று கேட்டபோது, எல்லாவற்றையும் விடு என்று சாதுவன் சொல்லவில்லை. கரையொதுங்கியவரைக் கொல்லாதே, மூத்து விளிந்த விலங்கன்றிப் பிறவற்றைக் கொன்று உண்ணாதே என்று அவர்கள் ஏற்கத்தக்க அளவே கூறினான். அந்நாகர் தீவு நக்கவாரமே என்று கருதுவாரும் உண்டு. அவ்வாராய்ச்சி நமக்கு இங்கு வேண்டா. மொழி கற்றது முன். அறம் கூறியது பின். கேட்ட பின்னரே கூறியது. ஆங்கில இல்லம் இம்மூன்றையும் தலைகீழாகச் செய்தது.

அன்பர் ஒருவர் நம்மிடம் கேட்டார்: ஜாரவாத் தாய் தானே முன்வந்து என் பிள்ளைக்கு எழுத்துக் கற்பியுங்கள் என்றால், காட்டிலேயே இரு என்பீரோ என்று. என்னமாட்டோம். தருவதும் தவிர்ப்பதும் அவள் உரிமை என்றபின், புதியது ஏற்பதும் அவள் உரிமையே. ஆனால் பள்ளி பிள்ளையைத் தாயிடமிருந்து எடுத்துச் செல்லும் இடமாக இருத்தல் ஆகாது. ஆங் கதா என்ற பெயரில் காட்டினுள்ளேயே அவர்தம் மொழியில் கற்பிக்கும் முயற்சி ஒன்று நடைபெறுகிறது. அங்குத் தாயர் உடன் அமர்கின்றனரா, தேன் எடுப்பதும் கிழங்கு அகழ்வதும் அவர்கள் வாயாலேயே பாடமாகின்றனவா, வேண்டாமென்று பிள்ளையை அழைத்துக்கொண்டு எழுந்து செல்ல அவர்களுக்குத் தடையில்லையா என்ற மூன்றையும் அறிந்த பின்னரே அதை நல்லது என்றோ தீயது என்றோ நாம் எழுதுவோம்.